நெட்வொர்க் சுவிட்ச் போர்ட்டில் ஏறும் பிழை எண்கள்

கேள்வி: எங்கள் அலுவலக சுவிட்சின் 7ஆம் போர்ட்டில் சிஆர்சி பிழை (பழுதாகி வந்த தரவின் எண்ணிக்கை) 48,000 என்று காட்டுகிறது. கேபிளை மாற்ற வேண்டுமா?
வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: அவசரப்படாதீர்கள். அந்த எண் பல மாதங்களாகச் சேர்ந்ததாகவும் இருக்கலாம். கவுண்டரைப் பூச்சியமாக்கி, வேலை மும்முரமாக நடக்கும் ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். ஏறாவிட்டால் இப்போதைக்குக் கேபிளைத் தொட வேண்டாம்.

ஏறினால், உள்ளே வரும் ஃபிரேம்கள் (தரவுப் பொதிகள்) பழுதாகின்றன. முதலில் டுப்ளெக்ஸைப் பாருங்கள்; அதாவது, ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் செய்யும் 'ஃபுல்'லா, மாறி மாறிச் செய்யும் 'ஹாஃப்'பா என்ற அமைப்பு. பலர் தவறவிடும் இடம் இதுதான். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒரு முனையை 'ஃபுல்' என்று கையால் வைத்து மறுமுனையை 'ஆட்டோ'வில் விட்டால், ஆட்டோ முனை 'ஹாஃப்' ஆகிவிடும். ஃபுல் முனையில் சிஆர்சியும், 64 பைட்டுக்குக் குறைந்த துண்டு ஃபிரேம்களான ரன்ட்டும் ஏறும். ஹாஃப் முனையில் லேட் கொலிஷன் (தாமதமாக நேரும் தரவு மோதல்) ஏறும். எத்தனை கேபிள் மாற்றினாலும் தீராது. இரண்டையும் ஆட்டோவில் வையுங்கள்.

டுப்ளெக்ஸ் சரியென்றால் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். உப்புக்காற்றில் உலோகப் பின்கள் பச்சை பூத்திருந்தால் துடைத்துப் பயனில்லை; வெட்டிவிட்டுப் புதிய பிளக்கை கிரிம்ப் செய்யுங்கள் (கருவியால் அழுத்திப் பொருத்துங்கள்). கேபிளுக்குள் உள்ள கம்பிச் சோடிகளின் முறுக்கை 13 மி.மீ.க்கு மேல் பிரிக்காதீர்கள்.

'அவுட்புட் டிராப்' (வெளியே அனுப்ப முடியாமல் கைவிடப்பட்டவை) மட்டும் ஏறினால் பெரும்பாலும் அது நெரிசல், கேபிள் பழுதல்ல.