வாசகர் கேள்வி – பதில்: செஷல்ஸ் தீவுகளின் கரிச்சான்

கேள்வி: நம் ஊர்க் குண்டுக் கரிச்சானுக்குச் செஷல்ஸ் தீவுகளில் மட்டுமே வாழும் உறவுப் பறவை ஒன்று உண்டு என்றும், அது அழிவின் விளிம்பு வரை சென்று மீண்டது என்றும் படித்தேன். அந்த நிலை ஏன் வந்தது? இப்போது அங்கே சென்றால் அதைப் பார்க்க முடியுமா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: உறவு உண்மைதான், இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஆனால் செஷல்ஸ் கரிச்சான் நம்முடையதைவிடப் பெரியது. நம் ஊரில் பெண் பறவை சாம்பல் நிறம் கலந்து மங்கலாக இருக்கும். அங்கோ ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே பளபளக்கும் கருமை, இறக்கையில் மட்டும் ஒரு வெள்ளைப் பட்டை. பாட்டும் இனிமையானதே, எனினும் நம் கரிச்சான் விடியற்காலையில் மொட்டைமாடியிலிருந்து எழுப்பும் குரலைவிட அடங்கியது.

அழிவுக்குக் காரணம் அதன் வாழ்க்கைமுறையிலேயே இருக்கிறது. பூனையோ எலியோ இல்லாத தீவுகளில் பன்னெடுங்காலம் வாழ்ந்ததால், அது தரையில் அச்சமின்றி இறங்கி, இலைச்சருகைக் கிளறிப் பூரான், கரப்பான், சிறு அரணை ஆகியவற்றைத் தின்று பழகிவிட்டது. பெரிய ஆமை நடந்து செல்லும்போது பின்னாலேயே சென்று, அதன் கால்பட்டுக் கலைந்த சருகிலிருந்து வெளிப்படும் பூச்சிகளைக் கொத்தும். மனிதர் பின்னாலும் அப்படியே வரும். 1770-இல் பிரெஞ்சுக் குடியேற்றம் தொடங்கிய பிறகு வந்து சேர்ந்த பூனைகளுக்கு இத்தகைய பறவை எளிய இரையாயிற்று. போதாததற்கு, காடுகள் தென்னந்தோப்புகளாயின. ஒரு முறைக்கு ஒரே ஒரு முட்டை இடும் பறவையால் இந்த இழப்பை எப்படி ஈடுசெய்ய முடியும்? 1960-களின் நடுவில் ஃப்ரெகேட் என்னும் ஒரே தீவில் பதினைந்துக்கு மேற்படாத பறவைகளே எஞ்சியிருந்தன.

அங்கே பூனைகள் ஒழிக்கப்பட்டும் எண்ணிக்கை எளிதில் உயரவில்லை. 1990-இல் முறையான மீட்புத் திட்டம் தொடங்கியபோது இருபதுக்குச் சற்று மேல்தான் இருந்தன. கூடுகட்டப் பெட்டிகள் பொருத்தினார்கள், கூடுதல் உணவு கொடுத்தார்கள், பொந்துகளைப் பறிக்க வரும் மைனாக்களைக் கட்டுப்படுத்தினார்கள். என் கருத்தில், இவற்றைவிடப் பெரிய முடிவு, எல்லாப் பறவைகளையும் ஒரே தீவில் விட்டுவைக்கக்கூடாது என்று தீர்மானித்ததுதான். அவ்வாறே 1990-களின் நடுவில் கசின், கசீன் தீவுகளுக்கும், பின்னர் அரிட், டெனிஸ் தீவுகளுக்கும் சில பறவைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தனர். இவற்றுள் கசின் தீவை, செஷல்ஸுக்கே உரிய வேறொரு சிறு பறவைக்காக 1968-லேயே பறவைப் பாதுகாப்பு அமைப்பொன்று விலைக்கு வாங்கி, தென்னைகளை அகற்றிக் காட்டை மீண்டும் வளரவிட்டிருந்ததால், கரிச்சான் வந்து இறங்கியபோது அதற்குத் தேவையான சருகுத்தரை அங்கே தயாராக இருந்தது.

அந்த முடிவு எவ்வளவு சரி என்பது 1995-இல் ஃப்ரெகேட்டுக்குள் எலிகள் புகுந்தபோது தெரிந்தது. 2000-இல் நஞ்சு வைத்து அவற்றை ஒழித்தபோது, அந்த நஞ்சு கரிச்சான்களையும் தாக்கிவிடாதபடி பறவைகளைப் பிடித்துக் கூண்டுகளில் வைத்துப் பராமரிக்க வேண்டியிருந்தது. இன்று எண்ணிக்கை இருநூறைத் தாண்டிவிட்டது. 2005-இல் 'மிக அருகிய இனம்' என்ற நிலையிலிருந்து 'அருகிய இனம்' என்ற நிலைக்கு வந்தது. இருந்தாலும், பூனையும் எலியும் நிறைந்த மாஹே போன்ற பெரிய தீவில் அதை விடுவது இப்போதைக்கு இயலாத காரியம்.

ஆகவே மாஹேயில் உள்ள தலைநகர் விக்டோரியாவில் தேடினால் கிடைக்காது. கசின் தீவுக்குச் சுற்றுலாப் பயணிகள் செல்லலாம், அங்கே காண்பது கடினமும் அல்ல. ஆனால் எலி ஏறி வந்துவிடும் என்பதால் வெளிப்படகு எதுவும் கரையைத் தொட அனுமதி இல்லை. கடலிலேயே தீவுக் காவலர்களின் படகுக்கு மாறித்தான் இறங்க வேண்டும். புறப்படும் முன் பைகளையும் ஒருமுறை உதறிப் பார்த்துவிடுங்கள்.