ஜர்னைல் சிங்குக்குப் பக்கத்தில் யார்? இந்திய ஸ்டாப்பர்கள் பற்றிக் கேள்வி பதில்

காரைக்குடியில் மாலைக் கால்பந்துப் பயிற்சி முடிந்து பிள்ளைகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒருவன் கேட்டான்: "சார், இந்தியாவுக்கு ஆடின ஸ்டாப்பர்லயே பெஸ்ட் யாரு?" கோலிக்கு, அதாவது கோல்கீப்பருக்கு, முன்னால் நடுவில் நிற்பவர்தான் ஸ்டாப்பர். டிவியில் சென்டர் பேக் என்கிறார்கள். எங்கள் மைதானத்தில் இன்றைக்கும் ஸ்டாப்பர்தான். நானும் இருபது வருடம் அந்த இடத்தில் ஆடியவன். அன்று இரவே உட்கார்ந்து ஏழு பேரை வரிசைப்படுத்தினேன்: ஜர்னைல் சிங், அருண் கோஷ், வி.பி. சத்யன், சையது நயீமுத்தீன், சந்தேஷ் ஜிங்கன், மகேஷ் காவ்லி, மனோரஞ்சன் பட்டாச்சார்யா. அந்த வரிசை கை மாறிக் கை மாறித் தேவகோட்டை, பள்ளத்தூர் வரை போய்விட்டது. வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தேவகோட்டையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: கோல் போட்டவனை எண்ணிக்கை வைத்து அளக்கலாம். தடுத்தவனை எதை வைத்து அளந்தீர்கள்?

சரியான இடத்தில் பிடித்தீர்கள் ஐயா. பாய்ந்து விழுந்து பந்தை எடுப்பவருக்குத்தான் கைதட்டல் கிடைக்கும். ஆனால் ஒரு ஸ்டாப்பர் அடிக்கடி பாய்கிறார் என்றால், அதற்கு முன்னால் தப்பான இடத்தில் நின்றிருக்கிறார் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். நான் பார்ப்பது வேறு. பக்கத்தில் நிற்பவரை அவர் எவ்வளவு நல்ல ஆட்டக்காரராக்கினார்? ஸ்டாப்பர் வேலை ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருவர் முன்னேறிப் போய்த் தலையால் முட்டினால், இன்னொருவர் நாலு அடி பின்வாங்கி அந்த இடத்தை மூட வேண்டும். இதைச் சொல்லாமலே செய்யும் ஜோடிதான் ஜோடி.

எங்கள் செம்மண் மைதானத்தில் இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு பத்தடிக் கயிற்றைப் பையன்கள் இரண்டு பேர் இடுப்பிலும் கட்டிவிடுவேன். ஒருவன் நகர்ந்தால் மற்றவன் இழுபடுவான். முதல் நாள் இரண்டு பேரும் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொள்வார்கள். பத்தாவது நாள் கயிறு தொய்வாகவே இருக்கும். அப்புறம் கயிறு தேவைப்படாது. என் வரிசை முழுக்க அந்தக் கயிற்றை வைத்துப் போட்டதுதான்.

கானாடுகாத்தான் கல்லூரி மாணவர்: ஜர்னைல் சிங்கை எல்லாரும் முதலிடத்தில் வைக்கிறார்கள். அப்படி என்னதான் செய்தார் அண்ணே?

தம்பி, இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

1936இல் இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் லயல்பூர்ப் பக்கம் பிறந்தவர். பிரிவினையில் இடம்பெயர்ந்து பஞ்சாப் வந்து, 1959இல் கல்கத்தாவின் மோகன் பகான் கிளப்பில் சேர்ந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கிலும் ஆடினார். ஆனால் அவரை அளக்க 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுதான் சரியான இடம்.

முதல் ஆட்டத்திலேயே இந்தியா தென்கொரியாவிடம் 0-2 என்று தோற்றது. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றோம். அந்த ஆட்டத்தில் ஜர்னைலுக்குத் தலையில் அடி, தையல் போட வேண்டியதாயிற்று. ஸ்டாப்பருக்குத் தலைதான் பாதி ஆயுதம். தையல் போட்ட தலையோடு பின்களத்தில் நிறுத்தினால் எதிரணி உயரப் பந்தாகவே அனுப்பும். பயிற்சியாளர் எஸ்.ஏ. ரஹீம் என்ன செய்தார் தெரியுமா? அவரை வெளியே உட்காரவைக்கவில்லை, சென்டர் ஃபார்வர்டாக முன்னால் அனுப்பிவிட்டார். அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என்று வென்றோம், அதில் ஒரு கோல் ஜர்னைலுடையது. இறுதியாட்டத்தில் மறுபடி அதே தென்கொரியா. இஸ்ரேலையும் தைவானையும் அழைக்காததை இந்திய அதிகாரி ஒருவர் எதிர்த்துப் பேசியதால், அரங்கம் முழுக்க நம் அணிக்கு எதிராகக் கத்திக்கொண்டிருந்தது. 17ஆவது நிமிடம் பி.கே. பானர்ஜி ஒரு கோல், 20ஆவது நிமிடம் ஜர்னைல் இன்னொரு கோல். 2-1, தங்கம். அதற்குப் பிறகு நம் ஆண்கள் அணி ஆசிய விளையாட்டில் தங்கம் தொட்டதில்லை.

1964இல் அர்ஜுனா விருது, பிறகு இந்திய அணியின் கேப்டன். 1966இல் ஆசிய ஆல் ஸ்டார் அணிக்கும் அவர்தான் கேப்டன். பர்மாத் தேக்கு வாசல் நிலையை வீட்டுக்கு முதலில் நிறுத்திவிட்டுத்தான் நம் ஊரில் மற்ற வேலை தொடங்கும், இல்லையா? இந்திய அணிக்கு அந்த நிலை ஜர்னைல்.

அதே மாணவர்: அப்படியென்றால் அவர் முன்னால் போனபோது பின்னால் யார் நின்றது?

இந்தக் கேள்வியைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். கோலியாகப் பீட்டர் தங்கராஜ். அவருக்கு முன்னால் பின்வரிசையைத் தாங்கியவர்களில் முக்கியமானவர் அருண் கோஷ். இறுதியாட்டத்தில் ஜர்னைல் போட்ட கோலைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். நாட்டின் தலைசிறந்த ஸ்டாப்பரைப் பின்களத்திலிருந்து எடுத்த பிறகும் கொரியாவால் கடைசி நேரம் வரை கோல் போட முடியவில்லை, 85ஆவது நிமிடத்தில்தான் ஒன்று போட்டார்கள். அதைப் பற்றி யார் பேசுகிறோம்? கோஷை இரண்டாம் இடத்தில் வைத்ததற்கு இதுதான் காரணம். அர்ஜுனா விருது அவருக்கு 1965இல் கிடைத்தது, ஜர்னைலுக்கு அடுத்த வருடம். விருது கொடுத்த வரிசையும் என் வரிசையும் ஒன்றாக அமைந்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

பள்ளத்தூரிலிருந்து ஒரு பெரியவர்: சைலேன் மன்னாவைக் காணோமே. 1948இல் பெனால்டியை விட்டாரே, அந்தக் கோபமா?

ஐயையோ, அப்படி நினைக்கவே வேண்டாம் ஐயா. லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸிடம் 1-2 என்று தோற்ற ஆட்டத்தில் இந்தியா இரண்டு பெனால்டிகளை விட்டது, அதில் ஒன்று மன்னா அடித்தது. நம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலில் ஆடிய ஆட்டம் அது. 1951இல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம் வாங்கிய அணிக்கு அவர்தான் கேப்டன். அந்த மனிதர்மேல் யாருக்குக் கோபம் வரும்?

நான் அவரைச் சேர்க்காததற்குக் காரணம் ஆட்ட முறை. மன்னா காலத்தில் பின்னால் இரண்டே பேர், இருவருக்கும் ஃபுல் பேக் என்று பெயர். இடது பாதி ஒருவருக்கு, வலது பாதி மற்றவருக்கு. நடுவில் நிற்பதற்கென்று தனி ஆள் கிடையாது. பின்னால் மூன்று பேர், அப்புறம் நாலு பேர் என்று ஆட்டம் மாறியபோதுதான் ஸ்டாப்பர் என்ற இடமே உருவானது. 1920களில் மோகன் பகானின் சீனப் பெருஞ்சுவர் என்று பேர் வாங்கிய கோஷ்டோ பாலையும் இதே காரணத்தால்தான் சேர்க்கவில்லை. இருவரையும் வேறு வரிசையில், வேறு நாளில், முதல் இரண்டு இடத்தில் வைப்பேன்.

காரைக்குடி, வங்கி ஊழியர்: மூன்றாமிடத்தில் சத்யன். கேரளாக்காரர் என்பதால் பக்கத்து ஊர்ப் பாசமா சார்?

பாசம் உண்டு, மறைக்க மாட்டேன். 1992இல் கோவையில் சந்தோஷ் டிராபி இறுதியாட்டம், மாநில அணிகள் மோதும் போட்டி. காரைக்குடியிலிருந்து இரவு பஸ் பிடித்து, திருச்சியில் மாறிப் போனேன். கேலரி முழுக்கக் கேரளத்துக் கூட்டம். கேரளம் கோவாவை 3-0 என்று வென்றது, கேப்டன் சத்யன். நான் அன்று பந்தைப் பார்த்ததைவிட அவரைப் பார்த்ததுதான் அதிகம். பந்து எதிர்ப்பாதியில் கிடக்கும்போதும் அவர் கழுத்து சும்மா இருக்கவில்லை. வலது தோள் வழியாக ஒரு பார்வை, இடது தோள் வழியாக ஒரு பார்வை. ஊர் திரும்பிய மறுநாளே என் பையன்களுக்கு அதைத்தான் பயிற்சியாகக் கொடுத்தேன். இன்றும் கொடுக்கிறேன்.

ஆனால் மூன்றாமிடம் பாசத்துக்குக் கொடுத்ததில்லை. 1990, 1991 இரண்டு வருடமும் கிளப்புகளுக்கான ஃபெடரேஷன் கோப்பையை வென்ற கேரளா போலீஸ் அணியின் பின்களத் தூண் அவர். இந்திய அணிக்கும் கேப்டனாக இருந்தார். பெரிய வெற்றிகள் இல்லாத காலத்தில் ஆடியதால் அவர் பெயர் வெளியே தெரியாமல் போனது.

நீங்கள் வங்கிக்காரர், அதனால் இதையும் சொல்கிறேன். அவர் கடைசியில் ஆடியதும் பயிற்சி கொடுத்ததும் சென்னையில் இந்தியன் வங்கி அணிக்கு. 1907இல் நம் நகரத்தார் பெரும் பங்கு போட்டுத் தொடங்கிய வங்கி அது. கண்ணூரில் பிறந்த ஒரு ஸ்டாப்பருக்கு நம் பக்கத்துப் பணத்தில் முளைத்த வங்கி வேலை கொடுத்தது என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது. 2006இல், 41 வயதில், பல்லாவரத்தில் அவர் இறந்த செய்தியைப் படித்த அன்று நான் மைதானத்துக்குப் போகவில்லை.

கோட்டையூர் இளைஞர்: ஜிங்கன் வெறும் ஐந்தாமிடமா? அநியாயம்!

ஐந்தாமிடம் என்றால் குறைவா தம்பி? 2019 செப்டம்பரில் தோஹாவில் கத்தாரோடு 0-0. அந்த வருடம்தான் கத்தார் ஆசியக் கோப்பையை வென்றிருந்தது. நம் கேப்டன், கோல் போடும் சுனில் சேத்ரி இல்லாத அணி. கோலி குர்பிரீத்துக்கு முன்னால் ஜிங்கனும் ஆதில் கானும் அன்று ஆடியதை என் பிள்ளைகளுக்குப் பலமுறை போட்டுக் காட்டியிருக்கிறேன். துணிச்சலில் ஜிங்கன் யாருக்கும் குறைந்தவர் இல்லை.

நான் சத்யனுக்கும் நயீமுத்தீனுக்கும் கீழே வைத்ததற்குக் காரணம், அவர் சில நேரம் பந்தைத் தேடி இடத்தை விட்டு முன்னால் பாய்ந்துவிடுவார். பக்கத்தில் அனஸ் எடத்தொடிகா மாதிரி நிதானமான ஆள் நின்றபோது அது பலமாக இருந்தது. அனஸ் இல்லாத நாளில் அந்த ஓட்டை தெரிந்தது. கயிறு ஞாபகம் இருக்கட்டும்.

கோட்டையூர் இளைஞர் மறுபடியும்: அன்வர் அலி?

2019இல் இதயக் கோளாறு இருப்பது தெரிந்து, ஆடவே கூடாது என்று நிறுத்தப்பட்ட பையன். நீதிமன்றம் வரை போய்த் திரும்பி வந்து, 2022இல் இந்தியாவுக்கு ஆடினார். 2025 ஆகஸ்டில் தஜிகிஸ்தானை 2-1 என்று வென்றோமே, ஒரு கோல் அன்வர், இன்னொன்று ஜிங்கன். இரண்டுமே ஸ்டாப்பர் போட்ட கோல்! இன்னும் ஐந்து வருடம் இதே மாதிரி ஆடினால் வரிசையை நானே மாற்றி எழுதுவேன்.

புதுவயலிலிருந்து: நயீமுத்தீன், காவ்லி, மனோரஞ்சன் மூவரையும் பற்றி ஒரு வரி.

நயீமுத்தீன் 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற அணியின் கேப்டன், பக்கத்தில் சுதிர் கர்மாகர் என்ற அருமையான துணை. காவ்லி சத்தமே போடாமல் வேலையை முடிக்கும் கோவாக்காரர். 2008இல் ஏஎஃப்சி சேலஞ்ச் கோப்பையை வென்றுதான் 27 வருட இடைவெளிக்குப் பிறகு 2011 ஆசியக் கோப்பைக்கு இந்தியா போனது, அந்தத் தலைமுறைப் பின்களத்தின் அச்சாணி காவ்லி. மனோரஞ்சன் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப் ரசிகர்களுக்குத் தெய்வம். கிளப் ஆட்டத்தை மட்டும் பார்த்தால் இன்னும் மேலே போவார்.

சிராவயல் பள்ளி மாணவன்: சார், நான் குள்ளம். ஸ்டாப்பர் ஆக முடியுமா?

2006இல் உலகக் கோப்பையை வாங்கிய இத்தாலிக் கேப்டன் கன்னவாரோ ஸ்டாப்பர்தான். அதே வருடம் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் தோர் விருதும் வாங்கினார். உயரம் 176 சென்டிமீட்டர். எதிரே நின்ற ஃபார்வர்டுகள் பலர் அவரைவிட உயரம். சீக்கிரம் எம்பினால் உயரம் பாதி ஈடாகிவிடும்.

உன் ஊர் மஞ்சுவிரட்டில் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? காளை தலையை ஆட்டுவதைப் பார்த்து மிரளாதே, திமிலை விடாதே என்பார்கள். ஃபார்வர்டு காலை ஆட்டுவான், இடுப்பை ஆட்டுவான். நீ பந்தை விடாதே. நேருக்கு நேர் நிற்காமல் ஒரு தோளை அவன் பக்கம் காட்டிச் சாய்வாக நில். அப்போதுதான் அவன் எந்தப் பக்கம் போனாலும் உன்னால் ஒரே அடியில் திரும்ப முடியும்.

ஆத்தங்குடியிலிருந்து ஒரு ஆச்சி: என் பேத்தி ஸ்டாப்பர் ஆடணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. பொம்பளப் புள்ளைகளுக்கு இதுல யாரு இருக்கா?

மணிப்பூரிலிருந்து வந்த ஆஷாலதா தேவி இருக்கிறார் ஆச்சி. இந்திய அணியின் கேப்டனாக, ஸ்டாப்பராக, பல வருடம் ஆடியவர். ஸ்வீட்டி தேவியும் அதே ஊர்ப்பக்கம், அதே இடம். 2025 ஜூலையில் நம் பெண்கள் தாய்லாந்தை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று வென்று 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம், மதுரைப் பக்கத்துச் சேது எஃப்சி 2019இல் இந்தியப் பெண்கள் லீகையே வென்றது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பேத்தியை அனுப்பிவையுங்கள். ஷூ இல்லையென்றாலும் பரவாயில்லை, சின்ன அளவில் இரண்டு ஜோடி எங்களிடம் இருக்கிறது. கயிற்றின் மறுமுனைக்கு ஒரு பிள்ளை தேவைப்படுகிறது.