ரெகவரி டிராக்கை வீட்டிலேயே செய்யலாமா?

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஒரு ஃபோர் வீல் டிரைவ் ஜீப் வாங்கியிருக்கிறேன். மீஞ்சூர் தாண்டி காட்டுப்பள்ளி, பழவேற்காடு பக்கம் வேலையாகப் போனால் மணலில் புதைந்துவிடுகிறது. புதைந்த டயருக்கு அடியில் செருகி வண்டியை ஏற்றுகிற பலகைதான் ரெகவரி டிராக்; ஆன்லைனில் பிளாஸ்டிக்கில் ஜோடி 6,500 ரூபாய். எங்கள் தெரு வெல்டிங் பட்டறைக்காரர், "இரும்பு செக்கர் பிளேட்டுல அடிச்சுத் தரேன் சார், ஆயுசுக்கும் உழைக்கும்" என்கிறார், அதைவிடக் குறைந்த விலைக்கு. எது மேல்?
— வாசகர், எர்ணாவூர்

பதில்: பிளேட் உழைக்கும். உங்கள் இடுப்பு உழைக்குமா என்று பட்டறைக்காரர் யோசிக்கவில்லை. நான்கடி நீளம், ஓரடி அகலத்துக்கு 6 மி.மீ. செக்கர் பிளேட் வெட்டினால் ஒன்றே 17 கிலோவைத் தாண்டும். கனம் குறையட்டும் என்று 3 மி.மீ. போட்டால் முதல் தடவையே வளைந்து அப்படியே நின்றுவிடும். வளைந்த பிளேட்டின் முனை எகிறினால் முதலில் அடிவாங்குவது உங்கள் டீசல் டேங்க்கும் பிரேக் பைப்பும்தான். மேலே ஈரச் சேறு பட்டால் அந்தக் கட்டம் போட்ட இரும்பு டயரைப் பிடிக்கவும் பிடிக்காது.

இரும்பு யோசனை புதுசில்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் விமான ஓடுதளம் போட, ஓட்டை குத்திய இரும்புப் பலகைகளைத்தான் விரித்தது. ஒவ்வொன்றும் பத்தடி நீளம், 15 அங்குல அகலம், சுமார் 30 கிலோ. பிறகு பாலைவனத்தில் ஜீப் ஓட்டியவர்கள் அதையே வெட்டி டயருக்குக் கீழே போட்டார்கள். அந்த ஓட்டைகள் கனத்தையும் குறைத்தன, மண்ணையும் பிடித்தன. செக்கர் பிளேட்டில் அந்த இரண்டும் இல்லை. இப்போது வருகிற நைலான் டிராக் ஒன்று நாலு கிலோவுக்குள் முடிந்துவிடுகிறது.

ஆனால் உங்கள் 6,500 ரூபாயை முதலில் அதில் போடச் சொல்லமாட்டேன். 12 வோல்ட் காற்று கம்ப்ரசர், நம்பகமான பிரஷர் கேஜ், நல்ல மண்வெட்டி, இவை மூன்றும் வண்டியில் இருக்கின்றனவா? மணலில் புதையும் வண்டிகளில் பாதிக்கு மேல் காற்று இறக்காததால்தான் புதைகின்றன என்பது என் எண்ணம். ரோட்டில் 32 பிஎஸ்ஐ வைத்து ஓட்டுகிற டயரை மணலில் 18க்கு இறக்கினால் டயர் நீளவாக்கில் படர்ந்து மண்மேல் மிதக்கும். 15க்குக் கீழே போகாதீர்கள், திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். தார் ரோடு ஏறும் முன் பழையபடி காற்று ஏற்றியே ஆகவேண்டும். இல்லையென்றால் டயர் சூடேறிக் கிழியும். அதற்குத்தான் கம்ப்ரசர். பேட்டரியில் நேரடியாக கிளிப் மாட்டுகிற ரகமாக வாங்குங்கள். சிகரெட் லைட்டர் துளையில் சொருகுகிற சின்ன டப்பா பெரிய டயருக்கு முக்கி முனகும், ஃபியூஸும் போகும்.

அதற்குப் பிறகும் டிராக் வேண்டுமென்றால், வீட்டில் செய்வதில் தப்பே இல்லை. நம் பக்கத்தில் அதற்குக் கிடைக்கிற சரக்கு மற்ற இடங்களில் கிடைப்பதைவிட நல்லது. மணலி பக்கத்துக் காயலான் கடைகளில் பச்சை, மஞ்சள் நிறத்தில் கட்டம் கட்டமாக ஃபைபர் கிரேட்டிங் கிடக்கும். கெமிக்கல் ஆலைகளில் நடைபாதைக்குப் போடுவது. 38 மி.மீ. தடிமன் உள்ளதாகப் பார்த்து, நான்கடிக்கு ஓரடியாக வெட்டச் சொல்லுங்கள். ஒன்று ஏழு கிலோ அளவில் வரும். மேலே மணல் தூவிய சொரசொரப்பு இருக்கும் ரகம்தான் வேண்டும், வழுவழு ரகம் வேண்டாம். வெளுத்துப்போய், விரலால் தேய்த்தால் நார் உதிர்கிறதா? வெயிலில் செத்த சரக்கு, வைத்துவிட்டு வாருங்கள். ஆசிட் வாடை அடித்தாலும் அப்படியே. வெட்டும்போது பறக்கும் கண்ணாடி இழைத் தூள் தொண்டைக்கும் தோலுக்கும் ஆகாது. மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் யாரையும் வெட்டவிடாதீர்கள்.

கிரேட்டிங் கிடைக்கவில்லையென்றால் 18 மி.மீ. மரைன் பிளைவுட். பலகையில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கவேண்டும். "வாட்டர் ப்ரூஃப்தான் சார்" என்று ஐ.எஸ். 303 போட்டதைத் தள்ளிவிடுவார்கள், அது வேறு ரகம். குறுக்கே மூன்று விரல் இடைவெளியில் மரச் சட்டங்களை ஒட்டி, அடியிலிருந்து ஸ்க்ரூ போடுங்கள். ஸ்க்ரூ முனை மேலே எட்டிப் பார்க்கக்கூடாது. பிடிப்புக்காக ஆணியை நிமிர்த்தி வைக்கிற ஆட்களும் இருக்கிறார்கள், பஞ்சர் கடைக்காரருக்குத்தான் லாபம். டயர் ஏறும் முனையைச் சரிவாக இழைத்துவிடுங்கள். எதில் செய்தாலும் ஓட்டை போட்டு, பளிச்சென்ற நிறத்தில் ஒரு கயிறு கட்டுங்கள். வண்டி ஏறிப்போனதும் டிராக் மணலுக்குள் காணாமல் போகும்.

மண்வெட்டியால் டயருக்கு முன்னால் சரிவாகத் தோண்டி, டிராக்கை டயருக்கு அடியில் நுழைகிற அளவுக்குச் செருகி, லோ ரேஞ்சில் (ஃபோர் வீல் டிரைவில் வேகம் குறைந்து இழுவை கூடும் கியர்) மெதுவாக ஏற்றுங்கள். டயர் சும்மா சுழன்றால் அக்சிலேட்டரை விட்டுவிடுங்கள். சுழலும் டயர் பலகையைப் பின்பக்கம் வீசி எறியும். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் ஆள் நிற்கவே கூடாது. சேசிஸ் மண்மேல் உட்கார்ந்துவிட்டால் எந்த டிராக்கும் உதவாது, முதலில் அடி மண்ணைத் தோண்டி எடுக்கவேண்டும். பழவேற்காடு ஏரியோரம் மேலே காய்ந்த பொருக்கு, கீழே உளைச்சேறாக இருக்கும் இடங்களில் வண்டியையே இறக்காதீர்கள்.

கேள்வி: டிராக்குக்குப் பதிலாக காசிமேட்டில் கிடைக்கும் பழைய வலையை மடித்துப் போடலாமா?
— வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: வேண்டாம். டயரோடு சுற்றி ஆக்சிலில் முறுக்கிக்கொள்ளும், பிறகு கத்தியோடு வண்டிக்கு அடியில் படுக்கவேண்டியதுதான். அவசரத்துக்குச் சணல் சாக்கு, தென்னை மட்டை பரவாயில்லை.

கேள்வி: "10 டன் தாங்கும்" என்று போட்டிருந்த டிராக்கை ஆன்லைனில் வாங்கினேன். முதல் உபயோகத்திலேயே உடைந்தது. ரிட்டர்ன் காலம் முடிந்தது என்கிறார்கள்.
— வாசகர், திருவொற்றியூர்

பதில்: எங்கே உடைந்தது என்று முதலில் பாருங்கள். பற்கள் உருகி மழுங்கியிருந்தால் டயரைச் சுழலவிட்டது நீங்கள், அதில் வழக்கு நிற்பது கஷ்டம். நடுவில் இரண்டாக முறிந்திருந்தால் அந்த "10 டன்" பொய் விளம்பரம், ரிட்டர்ன் காலம் அதற்குக் கேடயம் ஆகாது. அந்த விற்பனைப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். உடைந்த துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்லவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். நகராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன். அதற்கும் மசியாவிட்டால் சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடம் அவகாசம். டிராவல்ஸ் கம்பெனி பேரில் பில் போட்டிருந்தால் மட்டும் "வியாபாரத்துக்கு வாங்கியது" என்று தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். சொந்தமாக ஒரு வண்டி ஓட்டிப் பிழைப்பவர் என்றால் அதை மனுவிலேயே எழுதிவிடுங்கள்.