10,000 லைக், 18 புடவை

மதிப்பிற்குரிய ஐயா,

சின்னாளபட்டியில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சுங்குடிப் புடவை விற்கிறது. கடை என் பொறுப்புக்கு வந்ததும் முகநூலில் ஒரு பக்கம் தொடங்கினேன். விளம்பர நிறுவனம் ஒன்றுக்குப் பணம் கொடுத்து 10,000 லைக் சேர்த்தோம். அந்தத் தீபாவளிக்குப் பக்கத்தின் மூலம் விற்றவை 18 புடவைகள். இப்போது பதிவு போட்டால் இருபது பேர்கூட எட்டிப் பார்ப்பதில்லை. நீங்கள் உங்கள் புத்தகங்களை முகநூல் வழியாகத்தான் விற்கிறீர்கள். கூட்டம் சேர்ப்பது எப்படி என்று சொல்வீர்களா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள சகோதரிக்கு,

என்னைப் பற்றிய கற்பனையை முதலில் கலைத்துவிடுகிறேன். முகநூலில் ஒரு தனிக்கணக்குக்கு 5,000 நண்பர்கள்தான் உச்சவரம்பு. என் கணக்கு அதைத் தொட்டுப் பல காலம் ஆகிறது. கடைசி நூலை அறிவித்த அன்று வாழ்த்துகள் குவிந்தன. ஒரு மாதம் கழித்து, வாழ்த்தியவர்களின் பெயர்களையும் பார்சல் அனுப்பிய முகவரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் இருந்தவர்கள் பதினோரு பேர். புத்தகத்தை வாங்கிய மற்றவர்கள் ஒருநாளும் என் பதிவில் ஒரு லைக்கூடப் போடாத அமைதியான மனிதர்கள். கை தட்டுகிறவர் வேறு, பையில் கை விடுகிறவர் வேறு என்பது அன்று உறைத்தது.

உங்கள் 10,000 பேர் கை தட்டக்கூட வராதவர்கள். விலைக்கு வாங்கும் லைக்குகள் பெரும்பாலும் அதற்கென்றே நடத்தப்படும் கணக்குகளிலிருந்து வருபவை. எங்கோ இருக்கும் அந்தக் கணக்குக்குச் சுங்குடி என்றால் என்ன என்றே தெரியாது. தெரியாமல் இருந்துவிட்டுப் போகட்டும் என்றும் விட முடியாது. அவை உங்களுக்குக் குறுக்கே நிற்கின்றன. 2014இல் முகநூலின் விளம்பரப் பிரிவைச் சேர்ந்த பிரையன் போலண்ட் இதை விளக்கினார். ஒருவர் முகநூலைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அவருக்குக் காட்டத்தக்க பதிவுகள் சராசரியாக 1,500 காத்திருக்குமாம். எதைக் காட்டுவது என்பதை, யார் எதைக் கவனிக்கிறார்கள் என்று பார்த்து இயந்திரம் முடிவு செய்கிறது. 2018 ஜனவரியில் உறவினர், நண்பர்களின் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று அறிவித்தார்கள். கடைகளின் பக்கங்கள் இன்னும் பின்னுக்குப் போயின. இந்த நெரிசலில், யாருமே திரும்பிப் பார்க்காத பதிவை இயந்திரம் ஏன் மற்றவர்களிடம் கொண்டுபோகப் போகிறது? பந்தியில் 10,000 இலை போட்டுவிட்டீர்கள், உட்கார ஆளில்லை. பரிமாறுகிறவர் காலி இலைகளைத் தாண்டி, கடைசியில் பசித்தவரிடம் வருவதற்குள் வாளி காய்ந்துவிடுகிறது.

நானாக இருந்தால் அந்தப் பக்கத்துக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவேன்.

இனி விளம்பரத்துக்குப் பணம் கொடுப்பதானால் முகநூலுக்கே கொடுங்கள், அதுவும் கொஞ்சமாக. பதிவை விளம்பரமாக்க அதன் கீழே இருக்கும் நீலப் பொத்தானை அவசரப்பட்டு அழுத்திவிடாதீர்கள். எதற்காக விளம்பரம் என்று அது கேட்கும். லைக் வேண்டும் என்றால் லைக் போடுவதையே பழக்கமாகக் கொண்டவர்களைத் தேடிப் பிடித்துக் கொடுக்கும். விசாரணை வேண்டும் என்றால் செய்தி அனுப்பி விலை கேட்கக்கூடியவர்களைத் தேடும். சொன்னதை மட்டும் செய்யும் பூதம் அது. ஏற்கெனவே வாங்கியவர்களைப் போன்றவர்களைக் கண்டுபிடித்துத் தரும் வசதியும் உண்டு. அதற்கு ஒரே நாட்டைச் சேர்ந்த 100 பேராவது மாதிரிப் பட்டியலில் இருக்க வேண்டும். விதை பதராக இருந்தால் அதுவும் பதரைத்தான் விளைவிக்கும். இன்னொன்று: பார்சலுக்காகத் தந்த தொலைபேசி எண்ணை அந்தப் பட்டியலுக்காக முகநூலிடம் ஒப்படைக்குமுன் வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பதிவுகளுக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய படங்கள் எல்லாம் பொம்மைக்குக் கட்டிய புடவைகள். அடியில் 'புதுவரவு, விலைக்கு இன்பாக்ஸ்'. விலையை ஒளித்துவைக்கும் கடையில் நான் இதுவரை எதையும் வாங்கியதில்லை. உங்களிடம் இருக்கும் செல்வம் உங்கள் கண்ணுக்கே படவில்லை. சுங்குடி என்று இன்று விற்பவற்றில் பெரும்பாலானவை அச்சுப் புள்ளிகள். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த புடவை வேறு வகை. அதில் ஒவ்வொரு புள்ளியும் ஓரம் சற்றுக் கலங்கிய சிறு வளையம். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. சென்னையில் வாங்குகிறவர்களில் பலருக்கு இந்த வேறுபாடே தெரியாது. காய்ந்த துணியை இழுத்துப் பிரிக்கும்போது முடிச்சுகள் படபடவென்று அவிழ்ந்து புள்ளிகள் கண் திறக்குமே, அதைப் படம் பிடித்துப் போடுங்கள். எது முடிச்சு, எது அச்சு, ஏன் இந்த விலை என்று ஒளிக்காமல் எழுதுங்கள். அச்சுப் புடவையை அச்சு என்று சொல்லி விற்றாலும் வாங்குவார்கள். முதல் துவைப்பில் சாயம் போகுமா, கஞ்சி போட வேண்டுமா என்று கடையில் தினமும் கேட்கிறார்களே, அந்தக் கேள்விகளே ஓராண்டுக்கான பதிவுகள்.

அப்படிச் சேரும் கூட்டமும் உங்களுடையது என்று நம்பிவிட வேண்டாம். முகநூலைப் போலவே கூகுள் நடத்திவந்த ஆர்குட் தளம் 2014 செப்டம்பர் 30இல் மூடப்பட்டது. 2020 ஜூன் 29இல் இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது அவற்றில் டிக்டாக்கும் இருந்தது. கிராமத்தில் இருந்தபடியே அதில் லட்சக்கணக்கானவர்களைச் சேர்த்திருந்தவர்களின் கூட்டம் ஓரிரு நாளில் இல்லாமல் போயிற்று. சந்தைத் திடல் அவர்களுடையது, நாம் கூடை வைத்து விற்கிறோம், அவ்வளவுதான். உங்கள் தாத்தா கடையில் ஒரு நோட்டு வைத்திருப்பார்: யார், என்ன நிறம், எப்போது வாங்கினார், வீட்டில் அடுத்த விசேஷம் எப்போது. முகநூலில் வருகிற ஒவ்வொருவரையும் அந்த நோட்டுக்குக் கொண்டுவருவதுதான் வேலை. சம்மதித்தவர்களுக்கு மட்டும் மாதம் ஒருமுறை வாட்ஸப்பில் நாலு படம் அனுப்பினால் போதும்.

அந்த 18 புடவைகளை வாங்கியவர்களின் எண்கள் உங்களிடம் இருக்கும். இந்த வாரமே ஒவ்வொருவரையும் அழைத்து, துவைத்தபின் புடவை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். புதுவரவு பற்றிப் பேச வேண்டாம், அவர்களே கேட்பார்கள்.

அரக்கு நிறத்தில் கைமுடிச்சுப் புடவை ஒன்று இருந்தால் எனக்கும் எழுதுங்கள், என் மனைவிக்கு. விலையையும் சேர்த்தே எழுதுங்கள்.