பரிசோட ஒரு பாட்டு: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு பதிலுக்கு நடுவுல, பிரெண்ட்ஸுக்கு கிப்ட் குடுக்கும்போது கூடவே நாலு வரி விளையாட்டுப் பாட்டு எழுதி வைப்பேன்னு சொல்லியிருந்தேன். அதுக்கப்புறம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல அதைப் பத்திதான், அதனால இந்த இதழ் முழுக்க அதுக்கே.

கேள்வி: அக்கா, நானும் எழுதிப் பாத்தேன். "அன்பு நண்பா, ஆருயிர்த் தோழா, பல்லாண்டு வாழ்க"ன்னுதான் வருது. சிரிப்பே வரல. எங்க தப்பு பண்றேன்?

நீங்க எழுதினதுல வார்த்தை ஒண்ணும் தப்பில்ல, ஆனா இந்தப் பாட்டை உலகத்துல யாருக்கு வேணாலும் குடுக்கலாம், அதான் பிரச்சனை. கிப்ட்டோட போற பாட்டு வேற யாருக்கும் குடுக்க முடியாததா இருக்கணும். பேப்பர்ல முதல்ல பாட்டு எழுதாதீங்க, அவரைப் பத்தி உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச சின்னச் சின்ன விஷயம் ஒரு பத்து எழுதுங்க. செருப்பைத் தேடிக்கிட்டே கிளம்புவாரு, போனை வெக்கறதுக்கு முன்னாடி மூணு தடவை "சரி அப்புறம்"னு சொல்லுவாரு, அந்த மாதிரி. "ரொம்ப நல்லவர்", "உதவும் குணம்" இதெல்லாம் லிஸ்ட்ல வந்தா அடிச்சிடுங்க, அது சர்ட்டிபிகேட்ல எழுதறது. மிச்சம் இருக்கறதுல எது நீங்க வாங்கின பொருளோட ஒட்டுதோ அதை மட்டும் எடுங்க, ஒண்ணே ஒண்ணு போதும்.

குடையாத் தொலைக்கிற ஒரு பிரெண்டுக்குக் குடை வாங்கினப்போ நான் எழுதினது இது:

பஸ்ஸிலே போட்டது ஒண்ணு,
பாங்க்கிலே விட்டது ஒண்ணு,
காத்திலே போனது ஒண்ணு,
கணக்குல இது நாலு கண்ணு!
மழைக்கு நீ நனைஞ்சாலும் போகட்டும்,
குடை மட்டும் பத்திரமா வீடு சேரட்டும்!

இதுல அன்புங்கற வார்த்தையே இல்ல. ஆனா மூணு குடையும் எங்க போச்சுன்னு ஒருத்தி ஞாபகம் வெச்சிருக்கான்னு தெரியுது பாருங்க, அதுக்கு மேல என்ன சொல்லணும்.

கேள்வி: யாப்பு இலக்கணம் ஸ்கூலோட போச்சு. எதுகை மோனை எல்லாம் தெரிஞ்சாத்தான் எழுத முடியுமா?

முழுசாத் தெரிய வேண்டாம், ஆனா எதுகையை மட்டும் கைவிடாதீங்க, அது ஒண்ணு இருந்தா பாதிப் பாட்டு தானா வந்துடும். நிறைய பேர் பண்றது என்னன்னா வரிக் கடைசியில மட்டும் ஓசை சேக்கறது, வந்தேன், தந்தேன், நின்றேன்னு. அதுக்கு இயைபுன்னு பேரு. தமிழ்ல வினைச்சொல் கடைசியில வர்றதால இயைபு சுலபமா வந்துடும், சுலபமா வர்றதாலேயே அதுல கேக்கறவங்களுக்கு ஆச்சரியம் இல்லாமப் போயிடுது. நம்ம காது துள்ளறது வரி ஆரம்பத்துல. முதல் எழுத்து ஒத்து வந்தா மோனை, ரெண்டாவது எழுத்து ஒத்து வந்தா எதுகை, ஒரு வரி குறில்ல ஆரம்பிச்சா அடுத்ததும் குறில், நெடில்னா நெடில், அவ்வளவுதான் விஷயம்.

பொருளோட பேரை எடுத்து அதுக்கு எதுகை லிஸ்ட் போடுங்க. குடைன்னா கடை, நடை, விடை, தடை, உடை. பேனான்னா ஆனா, தானா, நானா, போனா. இப்ப லிஸ்ட்டையே உத்துப் பாத்தீங்கன்னா அதுக்குள்ள ஒரு கதை ஒளிஞ்சிருக்கும். "பேனா" பக்கத்துல "ஆனா"ன்னு பாத்த உடனே எனக்கு ஒரு கண்டிஷன் போடணும்னு தோணிச்சு:

பேனா ஒண்ணு தர்றேன் உனக்கு,
ஆனா ஒரு கண்டிஷன் இருக்கு;
தானா ஒருநாள் லெட்டர் வரணும்,
போனாப் போகுது, ஒரு வரியாவது தரணும்!

எழுதி முடிச்சதும் மனசுக்குள்ள படிக்காம வாய்விட்டுப் படிங்க. நாக்கு தடுக்கற இடத்துல ஒரு அசை (ஓசைத் துண்டு) கூடியோ குறைஞ்சோ இருக்கும், "ஒரு"வை எடுத்துட்டோ "தான்" சேத்தோ சரி பண்ணிடலாம். பேச்சுத் தமிழ்ல எழுதறதுல இது ஒரு பெரிய வசதி, "கொடுக்கிறேன்" இடிச்சா "தர்றேன்" இருக்கு.

கேள்வி: வெண்பாவா எழுதணும்னு ஆசை. கிப்ட் கார்டுல அது செட் ஆகுமா?

ஆசை இருந்தா விடாதீங்க. குறள் வெண்பா கார்டுக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்கும், ரெண்டு வரி, முதல் வரியில நாலு சீர் (அசைகள் சேர்ந்த துண்டு), ரெண்டாவதுல மூணு, மொத்தம் 7 சீர், கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்புங்கற நாலு வாய்பாட்டுல (ஓசை மாதிரியில) ஒண்ணுல முடியணும். தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோட சேர்ற விதம், பாக்க கொஞ்சம் பொறுமை வேணும். குறிலோ நெடிலோ தனியா வந்தா நேர் அசை, ஒரு குறிலோட இன்னொரு குறிலோ நெடிலோ சேர்ந்தா நிரை அசை, புள்ளி வெச்ச எழுத்து கணக்குல வராது. ரெண்டு அசைச் சீர் நேர்ல முடிஞ்சா மா, நிரையில முடிஞ்சா விளம், மூணு அசைச் சீர் நேர்ல முடிஞ்சா காய். மாவுக்கு அப்புறம் நிரை, விளத்துக்கும் காய்க்கும் அப்புறம் நேர். எல்லாருக்கும் புக்கை இரவல் குடுத்துட்டு திரும்பி வராம ஏங்கற ஒருத்தருக்கு அதே புக்கை வாங்கிக் குடுக்கறதா வெச்சுக்கிட்டு, உங்க கேள்விக்காகவே உக்காந்து எழுதினேன்:

இரவல் கொடுத்தநூல் ஈராண்டாய்க் காணோம்;
வரவில் இதையேனும் வை.

வெண்பான்னதும் நடை கொஞ்சம் எழுத்துத் தமிழ் பக்கம் போயிடும், அதுவே ஒரு சுவை. இவ்வளவு கம்பீரமா ஆரம்பிச்சு காணாமப் போன புக்கைப் பத்தி பேசறதுலதான் சிரிப்பு இருக்கு.

கேள்வி: என் பிரெண்டு எப்பவும் லேட். கடிகாரம் வாங்கியிருக்கேன். அதைக் கிண்டல் பண்ணி எழுதி, எல்லார் முன்னாடியும் வாசிக்கலாம்னு பிளான். கோவிச்சுப்பானோன்னு பயமா இருக்கு.

பயம் நல்லது, அதோடயே எழுதுங்க. நெதர்லாந்துல டிசம்பர் 5 சாயங்காலம் செயின்ட் நிக்கோலஸ் பேர்ல கிப்ட் குடுக்கறப்போ கூடவே ஒரு கேலிப் பாட்டும் வைப்பாங்க, எழுதினவங்க பேர் இருக்காது, அந்தப் புனிதரே எழுதின மாதிரி இருக்கும். வாங்கறவங்கதான் அதை எல்லார் முன்னாடியும் சத்தமா வாசிக்கணும். எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்தக் கடைசி விஷயம்தான். கிண்டல் அளவு மீறுதான்னு பாக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல. உங்க பாட்டை அவரே அவர் குரல்ல சிரிச்சுக்கிட்டே வாசிக்க முடியுமா? முடியும்னு தோணினா குடுங்க. நடுவுல ஒரு வரியில குரல் இறங்கும்னு தோணினா அந்த வரியை எடுத்துடுங்க, எவ்வளவு நல்ல எதுகையா இருந்தாலும்.

லேட்டா வர்றதை அவரே சொல்லிச் சிரிப்பாருன்னா தாராளமா எழுதலாம். அதனால வேலையில திட்டு வாங்கிட்டிருக்காருன்னா இந்த வருஷம் வேண்டாம். உடம்பு, சம்பளம், கல்யாணம், குழந்தை, இந்தப் பக்கம் எப்பவுமே போகாதீங்க.

இன்னொண்ணு, கிண்டலை ரெண்டு வரியோட நிறுத்தி மூணாவது வரியில திரும்பிடணும். இப்படி:

"அஞ்சு நிமிஷம், வந்துட்டேன்"பே,
அரை மணி நேரம் நின்னிருப்பேன்;
நின்ன நேரம் வீணாப் போகல,
நீ வந்து சொல்ற கதைக்கு ஈடே இல்ல!

முதல் ரெண்டு வரி படிக்கறப்போ அவர் மூஞ்சி கொஞ்சம் சுருங்கும், மூணாவது வரியில விரியும், அந்த விரியறதைப் பாக்கத்தான் நாம பக்கத்துலயே நிக்கறோம்.

கேள்வி: பிரெண்டு பேர் மணி. பேரை வெச்சு ஏதாவது விளையாட முடியுமா?

சிலேடைக்குன்னே, அதாவது ஒரே சொல்லுல ரெண்டு அர்த்தம் வெச்சு விளையாடறதுக்குன்னே வெச்ச பேரு! காளமேகப் புலவர் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவுல பாடினாரே, தோலுரிக்கும்னு சொன்னா ரெண்டுக்கும் பொருந்தற மாதிரி, அந்த வழிதான். "மணிக்கு ஒரு கடிகாரம், இனிமே மணி என்னன்னு மணியையே கேக்கலாம்"னு ஒரு வரி எழுதினாலே போதும், இழுக்காதீங்க. சிலேடையை விளக்கிட்டா செத்துடும்.

கேள்வி: என்னால பெருசா எதுவும் வாங்க முடியாது. சின்னப் பொருளை மறைக்கத்தான் பாட்டு எழுதறேன்னு நினைப்பாங்களோ?

இந்தக் கேள்வியைப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். நீங்க நினைக்கற மாதிரி இல்லைங்க. ரோம்ல மார்ஷியல்னு ஒரு கவிஞர், கி.பி. முதல் நூற்றாண்டு, அப்போ டிசம்பர்ல கொண்டாடின சாட்டர்னாலியா பண்டிகைக்குக் குடுக்கற பரிசுகளுக்குன்னே ரெண்டு ரெண்டு வரியா முந்நூறுக்கும் மேல பாட்டு எழுதி வெச்சிருக்காரு. காசு இல்லைன்னா பரிசுக்குப் பதிலா இந்த ரெண்டு வரியையே அனுப்பிடுங்கன்னு அவரே அதுல சொல்றாரு. பணக்காரன் குடுக்கற பொருளும் ஏழை குடுக்கற பொருளும் மாத்தி மாத்தி வரும்னும் சொல்லியிருக்காரு. பாட்டுன்னு வந்தா தங்கத்துக்கும் பல் குத்தற குச்சிக்கும் அவர்கிட்ட அதே ரெண்டு வரிதான்.

அவர்கிட்ட இருந்து ஒரு டெக்னிக்கும் எடுத்துக்கலாம். நிறைய இடத்துல பொருளே பேசும். படுக்கையறை விளக்கு ஒண்ணு, நீ என்ன வேணா பண்ணு, நான் வாயைத் திறக்க மாட்டேன்னு சொல்லும்! பொருள் சின்னதா இருக்கும்போது இது ரொம்ப நல்லா வேலை செய்யுது, ஏன்னா பேச ஆரம்பிச்சிட்டா அதோட விலையை யாரும் யோசிக்க மாட்டாங்க. தண்ணியே குடிக்காத ஒரு தோழிக்கு ஒரு சாதாரண பாட்டில் குடுத்தப்போ:

மேசை மேலே நிக்கிறேன்,
மெதுவா உன்னைப் பாக்கிறேன்;
காலையில் நிரப்பின தண்ணி தாயே,
மாலை வரைக்கும் தொடலையே நீயே!

அந்தச் சீட்டை பாட்டில்லயே ஒட்டி வெச்சிருந்தாங்க, தண்ணி பட்டு எழுத்து அழியறவரைக்கும்.

கேள்வி: என் தோழிக்கு வருஷா வருஷம் பிறந்தநாளுக்குக் கேலிப் பாட்டு எழுதுவேன். இந்த வருஷம் அவ அப்பா தவறி மூணு மாசம்தான் ஆகுது. எழுதறதா வேண்டாமா?

எழுதுங்க. நீங்க எழுதலைன்னா, இவளும் என்னைப் பாத்துத் தயங்கறாளேன்னு அவங்களுக்குத் தோணும், சுத்தி எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பேசிட்டிருக்கிற நேரத்துல நீங்க ஒருத்தராவது வழக்கம் போல இருக்கறது பெரிய விஷயம். ஆனா இந்தத் தடவை சிரிப்பு அவங்க மேல வேண்டாம், பொருள் மேலயோ உங்க ரெண்டு பேர் மேலயோ இருக்கட்டும். ஆறுதல் சொல்லாதீங்க, "காலம் ஆத்தும்"னு எழுதாதீங்க, அப்பாவைப் பத்தி பாட்டுல வேண்டாம், அதை நேர்ல பக்கத்துல உக்காந்து பேசிக்கலாம். நாலு வரிக்கு மேல போக வேண்டாம்.

அடிக்கடி தண்ணி கேக்காத ஒரு சின்னத் தொட்டிச் செடி வாங்குங்க. கூட இதை வைங்க, வார்த்தையை உங்க பழக்கத்துக்குத் தக்க மாத்திக்கோங்க:

தண்ணி ஊத்த மறந்தாலும்
தாங்கிக்குமாம் இந்தச் செடி;
போன் எடுக்க மறந்தாலும்
தாங்கிக்குவேன் நானும்டி.

டைப் பண்ணி அனுப்பாதீங்க, கையால எழுதி, செடித் தொட்டியில ஒரு குச்சியில செருகி, அவங்க வீட்ல வெச்சிட்டு வாங்க. படிச்சியான்னு கேட்டு மெசேஜ் போட வேண்டாம்.