பழம் கறுத்துவிட்டது, சர்க்கரை ஏறவில்லை

கேள்வி: சார், வணக்கம். கம்பத்துக்கு மேற்கே மலையடிச் சரிவில் எனக்கு இரண்டரை ஏக்கர் பன்னீர் திராட்சை இருக்கிறது. புரட்டாசியில் கவாத்து செய்து தையில் வெட்டினேன். ஏக்கருக்கு ஏழு டன் வந்தது. ஒரு வண்டியை ஒயின் ஆலைக்கு அனுப்பினேன். பழம் நல்ல கறுப்பு. ஆனால் சாற்றில் சர்க்கரை 15 சதவீதம்தான் என்று சொல்லி விலையில் பாதியைக் கழித்துவிட்டார்கள். நொதிக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வேறு வந்ததாம். பழுக்கவைக்கிற எத்ரல் மருந்தும் 0-0-50 என்கிற சாம்பல் சத்து உரமும் சேர்த்து அடித்தால் 22 வந்துவிடும் என்கிறார் உரக்கடைக்காரர். எவ்வளவு அடிக்கலாம்? மச்சான் ஒருவர் இந்தச் சரிவிலேயே சின்னதாக ஒயின் ஆலை போடலாம் என்று கூப்பிடுகிறார். அதுவும் யோசனையாக இருக்கிறது.

பதில்: தம்பி, அளவு கேட்டிருக்கிறீர்கள். சொல்லப்போவதில்லை. எத்ரல் பழத்துக்கு நிறம் ஏற்றும், சர்க்கரை ஏற்றாது. கறுப்பது வேறு, பழுப்பது வேறு. நானும் ஒரு காலத்தில் இதற்கு ஏமாந்தவன்தான். அடித்துப் பத்து நாளில் பந்தலுக்கு அடியில் நின்று பார்த்தால் குலையெல்லாம் மை ஊற்றினாற்போல் இருந்தது. ஒன்றைப் பறித்து வாயில் போட்டேன், புளித்தண்ணீர். அளவு கொஞ்சம் கூடிவிட்டதில் இலைகள் மஞ்சளாகிக் கொட்டின. சர்க்கரை செய்கிற இலையைக் கொட்டவிட்டு, பழத்தில் சர்க்கரையைத் தேடிக்கொண்டிருந்தேன். சந்தைப் பழத்துக்கு அந்த நிறத்தைக் காட்டி விற்றுவிடலாம். ஒயின் ஆலையில் சாற்றைப் பிழிந்து கருவியில் வைத்துப் பார்ப்பார்கள்.

15 சர்க்கரைச் சாறு நொதித்தால் சாராயச் சத்து 8 சதவீதத்தை ஒட்டித்தான் வரும். 22 இருந்தால் 12 வரும். அந்த 4 சதவீதத்தைச் சீனி கொட்டிச் சரிக்கட்ட வேண்டுமானால் ஆயிரம் லிட்டருக்கு 68 கிலோ சீனி வேண்டும். ஆலைக்காரர் உங்கள் விலையில் கை வைத்தது சும்மா அல்ல. பாதி கழித்தது அதிகம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி 0-0-50. இலைக்காம்புப் பரிசோதனையில் சாம்பல் சத்துக் குறைவு என்று வந்திருந்தால் அது உதவும். பரிசோதனை செய்தீர்களா? கடைக்காரர் கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார், மூட்டை அவர் கடையில் இருக்கிறது. ஒயின் பழத்தில் சாம்பல் சத்து மிஞ்சினால், சாற்றில் உள்ள டார்டாரிக் அமிலத்தோடு சேர்ந்து உப்பாகப் படிந்துவிடும். அமிலம் இறங்கும், பிஎச் ஏறும் (பிஎச் ஏற ஏறப் புளிப்பு குறைவு). அது 3.8ஐத் தாண்டிவிட்டால் நிறம் மங்கும், கெடுக்கிற கிருமிகளுக்குக் கொண்டாட்டம். நம் வெயிலில் ஏற்கெனவே அமிலம் நிற்பதில்லை. அதற்கு மேல் காசு கொடுத்து வேறு கெடுக்க வேண்டுமா?

முட்டை நாற்றத்துக்கு வருகிறேன். இலையில் வெள்ளைப் பொடியாகப் படிகிற சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகத்தைக் கடைசியாக எப்போது அடித்தீர்கள் என்று எழுதவில்லை. வெட்டுக்கு முந்தின வாரங்களில் அடித்திருப்பீர்கள் என்பது என் சந்தேகம். தோலில் தங்கிய கந்தகத்தை நொதிக்கவைக்கிற ஈஸ்ட், ஹைட்ரஜன் சல்பைடு என்ற அந்த நாற்ற வாயுவாக மாற்றிவிடும். வெட்டுக்கு ஒன்றரை மாதம் முன்பே கந்தகத்தை நிறுத்துங்கள்.

சரி, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி எது? கொடியில் எத்தனை குலை விட்டீர்கள் என்பதுதான். ஏக்கருக்கு ஏழு டன் என்பதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். என் கணக்கில் அதுதான் நோய். ஒரு குலை ஒழுங்காகப் பழுக்கப் பத்துப் பன்னிரண்டு முற்றிய இலையாவது வேண்டும். பந்தலுக்கு அடியில் நின்று ஒரு கிளையைப் பிடித்து எண்ணிப் பாருங்கள். ஆறு இலைக்கு ஒரு குலை தொங்குகிறது என்றால், எந்தப் புட்டியை வாங்கி அடித்தாலும் 22 வராது. பிஞ்சு மிளகு அளவு இருக்கும்போதே உபரிக் குலைகளைக் கத்தரித்துத் தள்ளுங்கள். கை வராது, தெரியும். நம் கம்பம் பள்ளத்தாக்கில் கொடி தூங்குவதே இல்லை, இரண்டு வருடத்தில் ஐந்து வெட்டு எடுக்கிறோம். அந்த வசதிதான் நம்மைப் பேராசைக்காரர்கள் ஆக்கியது.

ஐந்தையும் ஒயினுக்கு நினைக்காதீர்கள். மார்கழி, தையில் கவாத்து செய்து சித்திரையில் வெட்டுகிற வெயில் காலத்துப் பழத்தை மட்டும் ஒயினுக்கு ஒதுக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையும் மப்பும் தின்ற பழத்தைச் சந்தைக்கு அனுப்புங்கள். வெட்டுக்கு முன் தண்ணீரைக் குறையுங்கள், கொடி வாடுகிற அளவுக்கு வேண்டாம்.

உங்களுடையது சரிவு வேறு. நீரும் மண்ணும் கீழே இறங்குவதால் கீழ்வரிசை செழித்து, தாமதமாகப் பழுக்கும். மேற்கே மலை மறைப்பதால் சாயங்கால வெயிலும் சீக்கிரம் போய்விடும். ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டி ஒரே வண்டியில் ஏற்றினீர்கள் அல்லவா? மேல்வரிசையின் சர்க்கரையைக் கீழ்வரிசை இழுத்துப் போட்டிருக்கும். கையடக்கச் சர்க்கரைமானி ஒன்று வாங்குங்கள், நாலு தடவை மருந்தடிக்கிற செலவுகூட ஆகாது. வாலை வடிநீரை விட்டுப் பூஜ்யம் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். வரிசைக்கு வரிசை நூறு மணி பறித்து, பிழிந்து, கலக்கிப் பாருங்கள். குலையின் தோளில் உள்ள மணி இனிக்கும், நுனி மணி புளிக்கும். அதனால் தோளிலிருந்தே பறித்து உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம்.

இப்போது கணக்கு. ஒயினுக்கென்று குலையைக் குறைத்தால் ஏக்கருக்கு நாலு டன் வரும் என்று வையுங்கள். சந்தையில் ஏழு டன்னுக்குக் கிடைப்பதை அந்த நாலு டன்னில் எடுக்க, கிலோவுக்கு முக்கால் மடங்கு கூடுதல் விலை வேண்டும். ஆலைக்காரர் அதை முன்கூட்டியே எழுதித் தருவாரா? தரமாட்டார் என்றால் ஒயின் பக்கமே போகாதீர்கள். 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம் இது, சாப்பிடுகிறவர்களுக்கே விற்றுவிட்டுப் போங்கள்.

மச்சான் ஆலை விஷயம். மேலே நசுக்கி, பம்பு இல்லாமல் கீழ்த்தொட்டிக்குச் சாற்றை இறக்கச் சரிவு தோதுதான். ஆனால் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் உரிமம் இல்லாமல் ஒரு பாட்டில்கூட இறக்கக் கூடாது, 'சோதனைக்கு' என்றும் கூடாது. இன்னொன்று, பன்னீருக்கு மணம்தான் சொத்து. அதில் அடர்ந்த சிவப்பு ஒயினை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். வெளிர்நிறமாக, லேசான இனிப்போடு செய்தால் அந்த வாசனை நிற்கும்.

அடுத்த வெட்டுக்குப் பத்து நாள் முன்பு மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டின் சர்க்கரையையும் தனித்தனியாக எழுதி அனுப்புங்கள். கடைசியாகக் கந்தகம் அடித்த தேதியையும் சேர்த்து எழுதுங்கள்.