வெனிலா பூக்கிறது, காய் பிடிக்கவில்லை

கேள்வி: குலசேகரம் பக்கம் ரப்பருக்கு ஊடே வெனிலா ஏற்றியிருக்கிறோம். இந்த வருஷம் நன்றாகப் பூத்தது. ஆனால் பூவெல்லாம் மறுநாளே உதிர்ந்துவிட்டது. வெனிலாவுக்கென்றே தனித் தேனீ உண்டு, பெட்டியோடு தருகிறேன் என்கிறார் ஒரு ஏஜென்ட். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். கொடிக்கு நோய் ஒன்றும் இல்லை. வெனிலாவின் தாயகம் மெக்சிகோ. அங்கிருந்து இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவுக்குக் கொடி மட்டும்தான் போனது. பூவுக்குள் புகத் தெரிந்த பூச்சி போகவில்லை. அங்கேயும் உங்கள் தோட்டத்துக் கதைதான்: பூக்கும், உதிரும். 1841-ல் எட்மோன் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் குச்சியும் கட்டைவிரலும் வைத்து மகரந்தம் சேர்க்க வழி கண்டான். மடகாஸ்கர் தோட்டங்களில் இன்றும் அந்தக் கைவேலைதான். பெட்டித் தேனீயை நம்பி வெனிலா போடுகிறவர் யாரும் இல்லை.

பூ ஒரே ஒரு நாள்தான் விரிந்திருக்கும். காலை 11 மணிக்குள் வேலையை முடியுங்கள். உதடு மாதிரி இருக்கும் இதழைக் கிழித்து விலக்கினால் உள்ளே சிறு தூண் தெரியும். நுனியில் மகரந்தம், அதற்குக் கீழே மகரந்தத்தை ஏற்கும் பிசுபிசுப்பான சூல்முடி, இரண்டுக்கும் நடுவே மெல்லிய மடிப்பு. பல்குத்தும் குச்சியால் மடிப்பை மேலே தள்ளி, மகரந்தத்தைக் கட்டைவிரலால் சூல்முடிமேல் அழுத்துங்கள். காய் பிடித்தால் பூ வாடியும் காம்பிலேயே நிற்கும். கொத்துக்கு எட்டு, பத்துப் பூ போதும், மீதியை விட்டுவிடுங்கள்.

அதே பூவின் மகரந்தம் போதும், வேறு கொடி தேவையில்லை. ஆனால் இதை எல்லாக் கொடிக்கும் பொருத்திவிடாதீர்கள். மஞ்சள் பேஷன் ஃப்ரூட் தன் மகரந்தத்தை ஏற்காது. ஒரே கொடியில் இந்தப் பூவிலிருந்து அந்தப் பூவுக்குத் தடவினாலும் பயனில்லை. ஒரே கொடியிலிருந்து வெட்டிய தண்டுகளை வரிசையாக நட்டிருந்தாலும் அதே கதிதான். அவை பார்வைக்குத்தான் பல கொடி. விதையில் முளைத்த வேறு கொடியின் மகரந்தம் வேண்டும். ஊதா ரகத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

தேனீ விற்க வருகிறவர் அடுத்து "காயை நானே விலைக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்று வெனிலாத் தண்டும் விற்பார். 2003 வாக்கில் விலை உச்சத்தில் இருந்தபோது இப்படித்தான் வந்தார்கள். விலை சரிந்ததும் போனைக்கூட எடுக்கவில்லை. எடுக்கும் விலையையும் தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போடாதவரிடம் ஒரு தண்டுகூட வாங்காதீர்கள்.

மானியத்தில் கொடி கொடுக்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். மூன்றாம் வருஷம் அது பூக்கும்போது ஒரு காலை வந்து கைவேலையைக் காட்டித்தர ஆள் அனுப்புவதில்லை. இது எனக்குத் தாங்க முடியாத ஆத்திரம். நீங்கள் காத்திருக்க வேண்டாம். ஏற்கனவே காய் எடுக்கும் விவசாயி ஒருவரைத் தேடிப்பிடித்து, பூக்கும் சமயத்தில் அவர் தோட்டத்துக்கே போய் கையால் செய்து பழகுங்கள்.